டிரெண்ட் மாறும், டைல்ஸ் மாறாது: சொந்த ரசனையைக் கண்டுபிடித்து வாங்கும் முறை

ஒரு பொருள் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா, இல்லை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டுப் பழகிப்போனதா? மனசைக் கேட்டுப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் தோன்றும். ராபர்ட் ஜாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளே இல்லாத சொற்களைக்கூட அதிகத் தடவை பார்த்தவர்கள் 'நல்ல அர்த்தம்தான் இருக்கும்' என்று சொன்னார்கள். போன வருடம் கோணி மாதிரி தெரிந்த தொளதொள பேண்ட் இந்த வருடம் கம்பீரமாகத் தெரிவதில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உடம்பும் மாறவில்லை, துணியும் மாறவில்லை.

அதனால் 'பிடித்திருக்கிறதா' என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஓரம் கட்டுங்கள். கையில் இருக்கும் சாட்சியத்தில் இருந்து தொடங்குவோம்.

துவைக்கும் கூடை பொய் சொல்லாது

அலமாரியில் தொங்குவது நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோம் என்பதைச் சொல்லும். எப்படி இருக்கிறோம் என்பதைத் துவைக்கும் கூடைதான் சொல்லும். இரண்டு வாரம், கூடைக்குப் போகும் ஒவ்வொரு துணியையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் போடுவது, வெளியே போவது எதையும் விடாதீர்கள். பெயரோடு நான்கு விஷயம் போதும்: துணி ரகம் (பருத்தியா, விஸ்கோஸா, பாலியஸ்டரா), கனம், கழுத்தின் வெட்டு, நிறம். பேண்ட் என்றால் இடுப்புப் பட்டை எங்கே உட்காருகிறது என்பதையும் சேருங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் ஏதாவது ஒன்று நான்கைந்து தடவை திரும்ப வந்திருப்பது தெரியும். அது பெரும்பாலும் நிறமாக இருக்காது. தொட்டால் வழவழக்கும் துணி, காலர் இல்லாத கழுத்து, முழங்கையைத் தாண்டாத கை என்று உடம்பு சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். ரசனை என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். கண்ணைவிடத் தோலுக்கு ஞாபகசக்தி அதிகம்.

உடுத்துவது பருவத்தோடு மாறுவதால், நீண்ட கணக்குக்கு ஹேங்கர் முறை உதவும். எல்லா ஹேங்கர்களின் கொக்கியையும் தலைகீழாக, வாய் உங்களைப் பார்க்கும்படி மாட்டுங்கள். ஒரு துணியை உடுத்தித் திரும்ப மாட்டும்போது மட்டும் சரியான பக்கம் திருப்புங்கள். ஆறு மாதம் கழித்து எவை திரும்பாமல் இருக்கின்றன என்று பாருங்கள். விசேஷ உடைகளையும் குளிருக்கான கோட்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு வேலை வராமலே இருந்திருக்கலாம். மற்றவற்றில் திரும்பாதவற்றை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் திரும்பவில்லை என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'அக்குளில் இழுக்கிறது', 'உள்ளே இன்னொன்று போட வேண்டியிருக்கிறது', 'ஒவ்வொரு தடவையும் இஸ்திரி'. இந்தப் பட்டியல்தான் அடுத்த முறை கடையில் உங்களைக் காப்பாற்றும்.

வீட்டுக்கு இதே வேலை வேறு மாதிரி. எந்த நாற்காலியில் எல்லாரும் போய் உட்காருகிறார்கள், எது துணி போடும் இடமாகிவிட்டது, சாயங்காலம் எந்த விளக்கைக் கை தானாகப் போடுகிறது, எந்த விளக்கை விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பிறகு ஒவ்வோர் அறையையும் வாசலில் நின்று போனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும், எங்கே எல்லாம் ஒரே கனத்தில் குவிந்திருக்கிறது, எந்த மூலை இருண்டு கிடக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். 'சுவர் நிறம் சலித்துவிட்டது' என்று நினைத்திருந்த அறையில், உண்மையில் குறை நடுக் கூரையில் இருக்கும் ஒற்றை விளக்காக இருப்பது சகஜம்.

சேமித்த படங்களைக் களையெடுப்பது

போனில் சேமித்து வைத்த படங்களில் இருந்து நாற்பது எடுங்கள். ஒரே உட்காரலில் பத்தாகக் குறையுங்கள். வேகமாகச் செய்யுங்கள், ஒரு படத்துக்கு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். மிஞ்சிய பத்திலும் கட்டை விரலால் ஒவ்வொரு பாகமாக மறைத்துப் பாருங்கள். சோபாவை மறைத்தும் படம் அழகாகவே இருந்தால், நீங்கள் விரும்பியது சோபாவை இல்லை. அதன் பின்னால் இருக்கும் ஆளுயர ஜன்னலை. ஜன்னலைக் கடையில் வாங்க முடியாது. உடைப் படத்தில் முகத்தை மறையுங்கள். முகம் போனதும் உடையின் மேல் இருந்த ஆசையும் போனால், அந்த உடையை வாங்கிப் பயன் இல்லை.

படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று தெரிந்திருப்பதும் நல்லது. அறைகளை அகலக்கோண லென்ஸில், இடுப்பு உயரத்தில் வைத்து எடுப்பார்கள். அதனால் தரை நீண்டும் அறை பெரிதாகவும் தெரியும். ஒயர், பிளக், குப்பைக்கூடை எல்லாம் ஓரம் போயிருக்கும். மாடல் அணிந்த சட்டை முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுக்கப்பட்டிருக்கும். முன்னால் தெரியும் 'அளவு' கடையில் விற்கும் அளவே அல்ல.

மிஞ்சியவற்றில் பொதுவாக இருப்பதைப் பாணிப் பெயரால் எழுதாதீர்கள். 'மினிமலிஸ்ட்', 'காட்டேஜ்கோர்', 'ஜப்பாண்டி' என்று எழுதினால், அந்தப் பெயரில் விற்கும் எல்லாவற்றையும் வாங்கச் சொல்லும் சீட்டாகிவிடும். பொருளாகவே எழுதுங்கள்: 'தரையில் இருந்து தூக்கி நிற்கும் கால்கள்', 'மங்கலான பச்சை, அதுவும் சின்ன அளவில்', 'கோடு கோடாக விழும் வெளிச்சம்', 'தோளில் தையல் சரியாக உட்காரும் சட்டை'. ஏழெட்டு வரி போதும். துவைக்கும் கூடைத் தாளையும் இதையும் பக்கத்தில் வைத்தால், இரண்டிலும் இருப்பது எது, படத்தில் மட்டும் இருப்பது எது என்று பிரிந்துவிடும். படத்தில் மட்டும் இருப்பதெல்லாம் தப்பு என்று அர்த்தமில்லை. அதைச் சின்னதாக, கழற்றக்கூடியதாக வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

வாங்கும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது. விலையைவிட முக்கியம். பிடிக்காமல் போனால் இதைக் கழற்றி எடுக்க எவ்வளவு நேரம், எத்தனை ஆள், எவ்வளவு தூசி?

சில நிமிடத்தில் மாறுவது: குஷன் உறை, போர்வை, பூச்சாடி, பெல்ட், காதணி, ஸ்கார்ஃப். ஒரு நாளில் மாறுவது: சுவர் பெயிண்ட், திரைச்சீலை, விளக்குக்கூண்டு, அலமாரிக் கைப்பிடிகள், காலணி. பல மாதம் யோசித்து மாற்றுவது: சோபா, கட்டில், பெரிய கம்பளம், கோட். இடித்தால்தான் மாறுவது: தரை, குளியலறை டைல்ஸ், சமையல் மேடைக் கல், சுவருக்குள் போகும் குழாய். டிரெண்டை முதல் இரண்டு வகையில் தாராளமாக விளையாட விடுங்கள். மூன்றாவதில் உருவம் உங்கள் பழக்கப்படி, உறை மட்டும் காலப்படி. நான்காவதில் டிரெண்டுக்கு வேலையே இல்லை.

காரணம் இருக்கிறது. ஆடை வரலாறு எழுதிய ஜேம்ஸ் லேவர் 1937-இல் ஒரு கால அட்டவணை போட்டார். ஒரு மோஸ்தர் நடப்பில் இருக்கும்போது நறுவிசு, ஒரு வருடம் கழிந்தால் களையிழந்தது, 10 வருடத்தில் சகிக்க முடியாதது, 20-இல் கேலிக்குரியது, 50 வருடத்தில் விநோதம், 70-இல் வசீகரம், 150 வருடம் ஆனால் அழகு. அது அரை வேடிக்கையாகச் சொன்னது. ஆனாலும் வீட்டுக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். ஒரு தரை 20 வருடம் உழைக்கும். அதாவது மோஸ்தரின் மிக அசிங்கமான காலம் முழுவதையும் அது உங்கள் காலடியிலேயே கழிக்கும். உடுப்பு அந்தக் கட்டம் வருவதற்குள் கிழிந்துவிடும். 1970-களின் அவகாடோ பச்சைக் குளியலறைகள் அடுத்த தலைமுறையின் கேலிப்பொருள் ஆனது இப்படித்தான். அதே பச்சையில் ஒரு குஷன் வாங்கியவரை யாரும் கேலி செய்யவில்லை.

ஒரு டிரெண்ட் உச்சத்தைத் தொட்டுவிட்டதா என்று தெரிய மூன்று அடையாளங்கள். ஒரே வடிவம் உயர்ந்த விலை, நடு விலை, மலிவு விலை மூன்றிலும் ஒரே சமயத்தில் கிடைக்கிறது. அசல் பொருளுக்குப் பதில் அதன் அச்சு வந்துவிட்டது. மார்பிளுக்குப் பதில் மார்பிள் ஸ்டிக்கர், பின்னலுக்குப் பதில் பின்னல் படம் அடித்த லேமினேட். மூன்றாவது, அதற்கு ஒரு செல்லப்பெயர் கிடைத்துவிட்டது. இந்த நிலையில் நீண்ட காலப் பொருளில் நுழைவது, பேருந்து கடைசி நிறுத்தத்தை நெருங்கும்போது சீட்டு வாங்குவது மாதிரி.

நிறத்துக்கு இன்னொரு தகவலும் பயன்படும். நிறங்களைத் தரப்படுத்தும் பேன்டோன் நிறுவனம் 2000-இல் இருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிறத்தை அறிவிக்கிறது. 2016-க்கு வெளிர் ரோஜாவும் வெளிர் நீலமும், 2021-க்குச் சாம்பலும் மஞ்சளும், 2025-க்கு மோக்கா பழுப்பு. துணித் தொழிலில் நிறங்கள் விற்பனைக்குச் சுமார் 2 ஆண்டு முன்பே முடிவாகிவிடும். ஆகவே கடை முழுக்க ஒரே பழுப்பு நிறம் தொங்கினால், அது உலகமே ஒரே நேரத்தில் பழுப்பைக் காதலித்த கதை அல்ல, சாயம் முன்கூட்டியே போடப்பட்ட கதை. உங்களுக்குப் பழுப்பு ஒத்துவராது என்றால் குற்றவுணர்ச்சி இல்லாமல் கடந்து போகலாம்.

'எந்தக் காலத்துக்கும்' என்ற விற்பனைப் பேச்சு

டிரெண்டுக்கு மாற்றாக எல்லாரும் சொல்வது, 'எந்தக் காலத்துக்கும் நிற்கிற நடுநிலை நிறமாக எடுங்கள்' என்பது. இதை நம்புவதற்கு முன் கொஞ்சம் நிதானியுங்கள். 2010-களில் சாம்பல் நிறத்தை அப்படித்தான் விற்றார்கள். சாம்பல் சுவர், சாம்பல் தரை, சாம்பல் சோபா. அடுத்த சில வருடத்தில் அந்த வீடுகளைப் படத்தில் பார்த்தாலே கட்டிய வருடத்தைச் சொல்லிவிடலாம் என்ற நிலை. அதன் இடத்தில் இப்போது கிரீமும் பழுப்பும் உட்கார்ந்திருக்கின்றன, அதே வாசகத்தோடு. நடுநிலையும் ஒரு மோஸ்தர்தான், சத்தம் போடாத மோஸ்தர்.

உண்மையில் நீண்ட காலம் நின்றவற்றைப் பார்த்தால், அவை நிறத்தால் நிற்கவில்லை. 1859-இல் வந்த தோனெட் நிறுவனத்தின் 14-ஆம் எண் நாற்காலி இன்றும் தயாராகிறது. நீராவியில் வளைத்த ஆறு மரத்துண்டு, பத்து திருகு, இரண்டு நட்டு. எடை குறைவு, ஒரு கையால் நகர்த்தலாம், கழற்றி மாட்டலாம். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் 1904-இல் பதித்த வெள்ளைச் செவ்வக டைல் இன்றும் விற்பதற்குக் காரணம், அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், துடைத்தால் போகும், ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதுதான். நீண்ட காலப் பொருளுக்கு இந்த மூன்றையும் கேளுங்கள்: தூக்க முடியுமா, சுத்தம் செய்ய முடியுமா, ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா. நிறம் அப்புறம்.

பேண்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்

உடையில் டிரெண்ட் அதிகமாக விளையாடும் இடம் பேண்ட். 2000-களின் தொடக்கத்தில் இடுப்புக்குக் கீழே நின்றது, அடுத்த பத்தாண்டில் தொப்புளைத் தாண்டி ஏறியது. கால் குழாய் ஒட்டிப் பிடித்து, பிறகு அகன்றது. இதில் உங்களுக்கானதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும்.

கூடைத் தாளில் அதிகம் வந்த பேண்டை எடுத்துச் சமதளத்தில் விரியுங்கள். இரண்டு கால் சேரும் தையலில் இருந்து முன்பக்க இடுப்புப் பட்டையின் மேல் விளிம்புவரை அளங்கள். இதுதான் ரைஸ். 20 செ.மீ.க்குக் கீழே என்றால் தாழ்வு, 23 முதல் 26 நடு, 28-க்கு மேல் உயரம் என்று பெரும்பாலான அளவுகளில் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, தொடையின் மேற்பகுதி அகலம், முழங்கால் அகலம், கீழ் விளிம்பு அகலம், உள்கால் நீளம். ஐந்து எண். போனில் எழுதி வையுங்கள். இணையத்தில் வாங்கும்போது 'எம்', 'எல்' என்பதை மறந்துவிட்டு இந்த எண்களோடு ஒப்பிடுங்கள். டிரெண்ட் எண்ணில் ஒன்றுதான் உங்கள் எண்ணில் இருந்து விலகலாம். கீழ் விளிம்பு அகலமாக இருக்கட்டும், ஆனால் ரைஸ் உங்களுடையதாக இருக்கட்டும். ஐந்தும் விலகினால் அந்த பேண்ட் அலமாரியில் தலைகீழ் ஹேங்கரில் தொங்கப் போகிறது.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நேராக நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை. நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்காருங்கள்; பட்டை வயிற்றை அறுக்கிறதா? குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள், பின்பக்கம் இறங்குகிறதா? ஒரு காலைப் படி உயரத்துக்குத் தூக்குங்கள், முழங்காலில் பிடிக்கிறதா? போனைப் பையில் போட்டு நடங்கள். கடைசியாக, நீங்கள் அதிகம் போடும் காலணியோடு பாருங்கள். அகலக் கால் பேண்டின் விளிம்பு காலணியின் மேல் மடங்கிக் குவிந்தால், கால் குட்டையாகத் தெரிவதற்கு அந்தக் குவியல்தான் காரணம், அகலம் அல்ல. பின்பக்கம் தரைக்கு ஒரு செ.மீ. மேலே நிற்கும்படி வெட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தையற்காரரால் முடிவது எது என்று தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றம் குறையும். நீளம் குறைப்பது, கீழே குறுக்குவது, இடுப்பைப் பிடிப்பது எளிது. இடுப்பை இரண்டு செ.மீ. விடுவிப்பது, தையலுக்கு உள்ளே துணி விட்டிருந்தால் மட்டும். ரைஸைக் கூட்டவே முடியாது, துணி இல்லை. சட்டையில் தோளைக் குறைப்பது என்றால் கையைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும்; கூலி சட்டை விலையை எட்டும்.

'ஓவர்சைஸ்' மோஸ்தரில் நடக்கும் வழக்கமான தவறும் இங்கேதான். தொளதொளவென்று வெட்டிய சட்டையில் கழுத்தும் தோள் சரிவும் சரியான அளவில் இருக்கும், உடலும் கையும் மட்டும் அகலும். அதற்குப் பதில் இரண்டு அளவு பெரிய சாதாரணச் சட்டையை வாங்கினால் கழுத்து பிளந்து நிற்கும், கைத்துளை விலாவரை இறங்கும். கையைத் தூக்கினால் முழுச் சட்டையும் மேலே வரும். டி-ஷர்ட் என்றால் கனத்தையும் பாருங்கள்: 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணி பெரிய வெட்டில் உடம்போடு ஒட்டித் துவண்டு விழும், 220-க்கு மேல் போனால்தான் அந்தப் பெட்டி வடிவம் நிற்கும்.

சுவர் நிறம்

ஒரு நாளில் மாற்றிவிடலாம் என்றேன். ஆனாலும் மரச்சாமானை நகர்த்தி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்த பிறகு 'இது நான் பார்த்த நிறமே இல்லை' என்று நிற்பது வயிற்றெரிச்சல். ஷேட் கார்டில் தீப்பெட்டி அளவில் பார்த்த நிறம் சுவரில் இன்னும் அழுத்தமாகத் தெரியும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் வீசுவதால் அது மேலும் கூடும்.

செய்ய வேண்டியது இது. தேர்ந்த இரண்டு மூன்று நிறத்தில் சின்ன மாதிரி டப்பா வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏ3 அளவில் இரண்டு வெள்ளை அட்டை. ஓரத்தில் நான்கு செ.மீ. வெள்ளையை விட்டுவிட்டு, ரோலரால் இரண்டு கோட்டிங், நடுவே நன்றாகக் காயவிட்டு அடியுங்கள். நேரடியாகச் சுவரில் அடித்துப் பார்க்காதீர்கள். சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பழைய சுவர் மஞ்சளாக இருந்தால் புதுச் சாம்பல் நீலமாகத் தெரியும். காய்ந்த அட்டை இரண்டையும் புத்தகம் திறந்த மாதிரி அறை மூலையில் நிற்க வையுங்கள். ஒன்றின் நிறம் மற்றொன்றில் ஏறி, முழு அறையில் வரப்போகும் அழுத்தம் அந்த மடிப்பில் தெரியும். காலை, உச்சி, விளக்கு போட்ட பின் என மூன்று வேளை, மூன்று நாள். ஒரு முறை சோபாவுக்குப் பின்னால், ஒரு முறை ஜன்னல் இருக்கும் சுவரில். ஜன்னல் சுவர்தான் அறையிலேயே இருட்டு.

விளக்கையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் வெளிர்நீலம் அழுக்கு வெள்ளையாகும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் கிரீம் சுவர் ஆஸ்பத்திரி வராந்தா. பல்ப் பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு அசலாகக் காட்டும் என்ற எண்) 90 அல்லது அதற்கு மேல் போட்டிருப்பதை வாங்கினால் சிவப்பும் மரப்பழுப்பும் செத்துப்போகாமல் இருக்கும். ஷேட் கார்டின் பின்னால் எல்ஆர்வி என்ற எண் இருந்தால் பாருங்கள்; நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதை அது சொல்லும். கறுப்பு பூஜ்யத்தை ஒட்டி, வெள்ளை 100-ஐ ஒட்டி. எண் குறையக் குறையச் சுவர் வெளிச்சத்தை விழுங்கும். ஏற்கெனவே இருண்ட அறைக்கு 20-க்குக் கீழே போகிறீர்கள் என்றால் விளக்குகளைக் கூட்டத் தயாராக இருங்கள்.

அடர் நிறத்தில் மேட் (பளபளப்பில்லாத) பூச்சு படத்தில் வெல்வெட் மாதிரி இருக்கும். நடைபாதையில் அடித்தால் தோள், பை உரசும் இடமெல்லாம் பளபளவென்று கோடு விழும், துடைத்தால் அது பெரிதாகும். ஆசை இருந்தால் கை படாத சுவரில் அடியுங்கள்.

சோபாவும் தொடையின் நீளமும்

ஆழமான, தரையோடு படுத்த சோபா கொஞ்ச காலமாக எல்லாப் படத்திலும் இருக்கிறது. சாய்ந்து படுப்பவருக்குச் சுகம். நிமிர்ந்து உட்கார்ந்து பேசுபவருக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் தண்டனை. சுவரை ஒட்டி நேராக உட்கார்ந்து, முதுகில் இருந்து முழங்கால் மடிப்பின் உள்பக்கம்வரை அளங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு 45 முதல் 50 செ.மீ. இருக்கும். இருக்கையின் ஆழம் இதைவிட இரண்டு மூன்று விரல் குறைவாக இருந்தால் கால் தரையில் ஊன்றும். 65, 70 செ.மீ. ஆழம் என்றால் முதுகுக்குத் தனியே ஒரு தலையணை நிரந்தரமாக வேண்டும். வாங்கும் முன் செய்தித்தாளை ஒட்டிச் சோபாவின் முழு அளவில் தரையில் போட்டு, ஒரு வாரம் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கதவு திறக்கும் வழியும் லிஃப்ட் அகலமும் அதே வாரத்தில் அளக்க வேண்டியவை.

உறைத் துணியில் சுருள் சுருளாக நூல் நிற்கும் பூக்லே இப்போதைய மோகம். அந்தச் சுருள் எதிலும் மாட்டும்: பூனை நகம், மோதிரம், ஜீன்ஸ் ரிவெட். மாதிரித் துணி வாங்கி, வெல்க்ரோவின் முள் பக்கத்தை அழுத்திப் பிய்த்துப் பாருங்கள். நூல் கிளம்பினால் வேண்டாம். உராய்வுத் தாங்கும் அளவை மார்ட்டின்டேல் எண்ணால் சொல்வார்கள். தினமும் உட்காரும் சோபாவுக்கு 25,000 அல்லது மேல் கேளுங்கள்.

படத்தில் அழகாகவும் புழக்கத்தில் தொல்லையாகவும் இருக்கும் மற்றவை, சுருக்கமாக: மேட் கறுப்புக் குழாய், உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் நாலு நாளில் வெள்ளைத் திட்டு போடும். கதவில்லாத சமையலறைத் தட்டில் தினம் எடுக்காத பாத்திரத்தின் மேல் எண்ணெய்ப் படலமும் தூசியும் சேர்ந்து பிசினாகும். வரிவரியான மரப்பலகையை ஈரத்துணியால் துடைக்க முடியாது, பிரஷ் போட வேண்டும். தரையில் டைல்களின் இடைவெளியை நிரப்பும் வெள்ளை சிமென்ட் கிரவுட் துளையுள்ளது, அழுக்கைக் குடிக்கும். நடு சாம்பல் எடுங்கள்.

டிரெண்ட் உங்கள் பக்கம் வரும்போது

டிரெண்டை எதிர்த்தே நிற்பதும் அதற்கு அடிமையாவதுதான், திசை மட்டும் வேறு. உங்கள் ஏழெட்டு வரிப் பட்டியலில் இருப்பது எப்போதாவது நடப்பு மோஸ்தராகும். அதுதான் உங்களுக்கு அறுவடைக் காலம். உயர்ந்த ரைஸ் பேண்டே உங்களுக்குச் சரி என்றால், அது எல்லாக் கடையிலும் தொங்கும் வருடத்தில் ஒன்றுக்குப் பதில் மூன்று வாங்குங்கள். மோஸ்தர் இறங்கியதும் தேடினாலும் கிடைக்காது. பித்தளைக் கைப்பிடி எப்போதும் பிடிக்கும் என்றால், அது மலிந்து கிடக்கும்போது வீடு முழுமைக்கும் வாங்கி, நாலைந்து உபரி எடுத்து வையுங்கள். எலாஸ்டிக் கலந்த துணியை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். போடாமல் வைத்தாலும் காலப்போக்கில் இழுவிசை போய்விடும். டைல்ஸ் எடுப்பதானால் தேவைக்கு மேல் 10 சதவீதம், மூலைவாட்டில் பதிப்பதானால் 15. அடுத்த முறை வரும் தொகுப்பில் நிறம் ஒரு நூலாவது மாறும், மோஸ்தர் போனால் தயாரிப்பே நின்றுவிடும்.

புது விஷயம் பிடிக்குமா என்று தெரியாதபோது மலிவான வேஷம் போட்டுப் பாருங்கள். பச்சை சோபா வாங்கும் முன் இருக்கும் சோபாவின் மேல் பச்சைத் துணி, ஒரு மாதம். பூப்போட்ட வால்பேப்பருக்கு முன் ஒரே ஒரு ரோலை ஆணியில் தொங்கவிடுங்கள். முப்பது நாளில் அது கண்ணுக்குப் படாமலே போனால் நல்ல அறிகுறி. தினமும் இடறினால், அல்லது வருகிறவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தால், விட்டுவிடலாம்.

ஒரே வீட்டில் இரண்டு ரசனை இருந்தால், இருவரும் தனித்தனியே அந்த ஏழெட்டு வரியை எழுதுங்கள். காட்டாமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். பாணிப் பெயரில் சண்டை போட்டவர்கள் பொருளில் மூன்று வரியாவது ஒத்துப்போவார்கள். பொது அறையில் இடித்தால்தான் மாறும் பாகங்களை அந்த மூன்று வரிப்படி முடிவு செய்யுங்கள். மற்றபடி ஆளுக்கு ஒரு சுவரோ மூலையோ, அதில் மற்றவர் வாய் திறக்கக்கூடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டால்

முதலில் எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள்: வடிவமா, நிறமா, அளவா, பக்கத்தில் இருப்பதா. பிடிக்காத டைல் தரையில் பெரும்பாலும் கிரவுட்டின் நிறமுரண்தான் கண்ணை உறுத்தும். கிரவுட் நிறப்பேனா கொண்டு டைலின் நிறத்துக்கு நெருக்கமாக்கினால் கட்டம் அடங்கிவிடும். பெரிய கம்பளம் பாதித் தரையை மறைக்கும். சோபாவின் முன்கால்களாவது கம்பளத்தின் மேல் நிற்கும் அளவில் எடுங்கள், இல்லாவிட்டால் அது தீவு மாதிரி மிதக்கும். நிறம் பிடிக்காத பருத்திச் சட்டைக்குச் சாயம் ஏற்றலாம். ஆனால் தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால் நூல் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும் என்று தெரிந்து செய்யுங்கள்.

டைல்ஸ் மேல் பெயிண்ட் அடிப்பது கடைசி வழி. எண்ணெய்ப்பசை போகக் கழுவி, மேற்பரப்பை மெல்லிய உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஒட்டும் பிரைமர் ஒரு கோட்டிங், டைல் பெயிண்ட் இரண்டு கோட்டிங், டப்பாவில் சொன்ன நாள்வரை தண்ணீர் படாமல் காத்திருத்தல். சமையல் மேடைக்குப் பின்சுவரில் தாங்கும். குளிக்கும் இடத்துத் தரையில் அடித்தால் முதலில் தண்ணீர் தேங்கும் வடிகால் ஓரத்தில் உப்பும், அங்கிருந்து தோல் உரிகிற மாதிரி தாள் தாளாகக் கிளம்பும்.